காட்டில் ஈரம் குறைந்தால் காற்றில் கரியமில வாயு ஏன் ஏறுகிறது?

உடுமலைப் பக்கம் தென்னந்தோப்பும் கொஞ்சம் கொறங்காடும் (மழையை மட்டும் நம்பிய மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது, சுருக்கமாக: "2015, 2016 ரெண்டு வருசத்திலும் உலகத்தில் நிலக்கரி, பெட்ரோல் எரிப்பது கூடவில்லை, ஏறக்குறைய அப்படியே நின்றது என்கிறார்கள். ஆனால் காற்றில் கரியமில வாயு அந்த ரெண்டு வருசம் வழக்கத்தைவிட வேகமாக ஏறியிருக்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் தண்ணீர் குறைந்ததுதான் காரணம் என்று படித்தேன். உண்மையா? அதே சமயத்தில்தான் எங்கள் தென்னையும் காய்ந்தது, ரெண்டும் ஒன்றுதானா? இப்போது கொறங்காட்டில் மரம் நட்டால், அது பிடித்துவைக்கும் கரியமில வாயுவுக்குக் கார்பன் பணம் வரும் என்று ஆட்கள் வருகிறார்கள். நம்பலாமா?"

படித்தது சரி தம்பி. அந்த இரண்டு ஆண்டுகளின் கூடுதல் ஏற்றத்துக்குப் பெரும் காரணம் வெப்பமண்டல நிலம்தான். அங்கே மண்ணில் ஈரம் குறைந்ததும் வெயில் கூடியதும் சேர்ந்து செய்த வேலை அது. உங்கள் தென்னை காய்ந்தது மட்டும் வேறு கணக்கு. அதைப் பிறகு சொல்கிறேன். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விஷயமே முழுதாகப் பிடிபடும்.

முதலில் அளவுகள். ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில் சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் அளக்கத் தொடங்கியபோது, காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 315 கரியமில வாயுவாக இருந்தது. இதைத்தான் 315 பிபிஎம் என்கிறார்கள். இன்று அது 420ஐத் தாண்டிவிட்டது. ஏற்றம் எல்லா ஆண்டும் உண்டு, ஆனால் ஒரே சீராக இல்லை. 2015க்கு முந்தைய பத்தாண்டில் சராசரியாக ஆண்டுக்கு 2 பிபிஎம்மை ஒட்டி ஏறியது. 2015, 2016 இரண்டிலும் 3 பிபிஎம்மை ஒட்டி ஏறியது. ஒரு பிபிஎம் என்பது ஏறத்தாழ 210 கோடி டன் கார்பன் (வாயுவில் இருக்கும் கார்பனின் எடை மட்டும்). உலகம் முழுக்க எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்குத் தருவது 1,000 கோடி டன் கார்பன் அளவில். அப்படியானால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சமமான அளவு, எந்தப் புகைபோக்கியும் கூடாமலே, ஒவ்வோர் ஆண்டும் காற்றில் கூடுதலாகத் தங்கியிருக்கிறது.

எப்படித் தங்கியது? நாம் வெளியிடுவதில் பாதி அளவுதான் வழக்கமாகக் காற்றில் நிற்கும். மீதியைக் கடலும் நிலமும் பங்கு போட்டு வாங்கிக்கொள்கின்றன. கடல் வாங்குவது ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறாது. நிலத்தின் பங்கு, அறுபது ஆண்டுச் சராசரியில் மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் தனித்தனி ஆண்டாகப் பார்த்தால் அது பெரிய அளவில் ஏறி இறங்கும். உலகத்துத் தாவரங்கள் எல்லாம் ஒளிச்சேர்க்கையில் உள்ளே இழுப்பது ஆண்டுக்கு 12,000 கோடி டன் கார்பனுக்குக் குறையாது. அதில் வெப்பமண்டலக் காடுகளின் பங்கு மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. சுவாசமாகவும் மட்கலாகவும் தீயாகவும் கிட்டத்தட்ட அதே அளவு திரும்பக் காற்றுக்கே வந்துவிடுகிறது. ஆழியாறு அணைக்கு வரத்தும் வாய்க்காலில் திறப்பும் ஏறக்குறைய சமமாக ஓடும் நாட்களில், வரத்து கொஞ்சம் குறைந்தாலே மட்டம் இறங்கிவிடும் இல்லையா, அந்தக் கணக்குதான் இதுவும். உள்ளே இழுப்பது நூற்றுக்கு இரண்டு பங்கு குறைந்தாலே 240 கோடி டன். அது ஒரு பிபிஎம்முக்கு மேல்.

சரி, ஈரம் குறைந்தால் இழுப்பது ஏன் குறைகிறது? இலையில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத்தான் கரியமில வாயு உள்ளே போகிறது. அதே துளை வழியாகத்தான் நீராவி வெளியே போகிறது. இரண்டுக்கும் தனித்தனி வழி கிடையாது. ஒரு கரியமில வாயு மூலக்கூறைப் பிடிக்க ஒரு மரம் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகளை விடவேண்டியிருக்கிறது. மண்ணில் ஈரம் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கும். வேருக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை என்றால் மரம் துளையை மூடிக்கொள்ளும். மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் உணவு ஆக்குவது நின்றுபோகும். இதில் மண் மட்டும் இல்லை, காற்றும் சேர்ந்தது. பங்குனி, சித்திரையில் வயலில் போதிய ஈரம் இருந்தும் மதியத்தில் இலை துவண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்று காய்ந்து கிடந்தால் இலையிலிருந்து தண்ணீரை வேகமாக உறிஞ்சும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 விழுக்காடு கூடுகிறது. அந்த அளவுக்கு ஈரம் வந்து சேரவில்லை என்றால் காற்றின் தாகம் கூடிக்கொண்டே போகும்.

பெரிய மரங்களின் நிலைமை இன்னும் இக்கட்டானது. 40 மீட்டர் உயரத்தில் இருக்கும் இலைக்குத் தண்ணீரை எந்தப் பம்பும் தள்ளுவதில்லை. இலையில் ஆவியாகும் தண்ணீர், தனக்குக் கீழே இருக்கும் தண்ணீர்க் கம்பியை இழுத்துக்கொண்டு மேலே வருகிறது. மண் காயக் காய இந்த இழுவிசை கூடும். ஒரு கட்டத்தில் கட்டைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் காற்றுக் குமிழி நுழைந்து கம்பி அறுந்துவிடும். போதுமான குழாய்கள் அப்படி அடைபட்டால் மரம் போய்ச் சேர்ந்துவிடும், அதற்குப் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும். கிழக்கு அமேசானில் மண்ணுக்குள் 8 மீட்டருக்கும் கீழே வேர் இறக்கித் தண்ணீர் எடுக்கும் காடுகள் உண்டு. அதனால்தான் மாதக்கணக்கில் மழை இல்லாமலும் அவை பச்சையாக நிற்கின்றன. அந்த ஆழத்து ஈரமும் ஓரிரு ஆண்டு நிரம்பாமல் போனால்தான் ஆபத்து.

இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரேசிலில் கஷியுவானா என்னும் காட்டில் ஒரு ஹெக்டேருக்கு, மரக்கிளைகளுக்குக் கீழே பிளாஸ்டிக் பலகைகளைப் பரப்பி, விழும் மழையில் ஏறத்தாழ பாதியை வெளியே வடித்துவிட்டார்கள். 2002ல் தொடங்கிய சோதனை இருபது ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. முதல் சில ஆண்டுகள் காடு தாக்குப்பிடித்தது. பிறகு பெரிய மரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. முதல் 15 ஆண்டுகளில் அந்த ஒரு ஹெக்டேரில் உயிருள்ள மரங்களின் எடையில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதன்பின் நிலைமை நின்றுவிட்டது. எஞ்சிய மரங்களுக்கு இருக்கும் தண்ணீர் போதுமானதாகிவிட்டது. எனக்கு இந்த ஆய்வில் இரண்டு பக்கமும் முக்கியமாகப் படுகிறது. காடு முழுதாகச் செத்துப் பாலைவனமாகவில்லை, அது ஆறுதல். ஆனால் கார்பனை அதிகம் சுமந்து நின்ற பெரிய மரங்கள்தான் முதலில் போயின, அந்தக் கார்பனைத் திரும்பச் சேர்க்க நூற்றாண்டுகள் வேண்டும்.

விட்ட மூச்சின் கதையும் இருக்கிறது. மண்ணில் சருகைத் தின்று கரியமில வாயுவை வெளியிடும் நுண்ணுயிர்களுக்கும் ஈரம் தேவை. வறட்சியில் அவையும் சோம்பிவிடும். எனவே வரத்து குறையும்போது செலவும் ஓரளவு குறையும், நிகர இழப்பு நாம் பயப்படும் அளவுக்கு உடனே வராது. ஆனால் மண்ணில் கொஞ்சம் ஈரமும் மேலே கடும் வெயிலும் சேர்ந்தால் மட்கல் வேகம் பிடிக்கும். நீண்ட கோடைக்குப் பிறகு விழும் புதுமழையில் வரும் மண்வாசம் நமக்கெல்லாம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் காய்ந்து கிடந்த நுண்ணுயிர்கள் விழித்து, சேர்ந்து கிடந்த சத்தைத் தின்று, சில நாட்களுக்குள் பெரிய அளவில் கரியமில வாயுவை ஊதித் தள்ளுகின்றன. காய்ந்து மடிந்த மரமும் உடனே காற்றாகிவிடாது. பல ஆண்டுகள் மட்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு வறட்சி ஆண்டின் பில் அடுத்த பல ஆண்டுகளுக்கு வந்துகொண்டே இருக்கும்.

தீ மட்டும் இப்படித் தவணை கேட்காது. இந்தோனேசியாவின் சதுப்புக் காடுகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீருக்கு அடியில் மட்காமல் குவிந்த கரிமண் பல மீட்டர் ஆழத்துக்குக் கிடக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அது பூட்டிய பெட்டி. மத்தியக் கலிமந்தானில் நெல் விளைவிக்கிறோம் என்று 1996 வாக்கில் மிகப் பெரிய பரப்பில் கால்வாய் வெட்டி நீரை வடித்தார்கள். அடுத்த ஆண்டே எல் நினோ வறட்சி வந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடேறி, பல நாடுகளின் மழையை மாற்றுவதைத்தான் எல் நினோ என்கிறார்கள். 1997ல் அந்நாட்டுக் காடும் கரிமண்ணும் எரிந்து வெளியான கார்பன் 81 கோடி டன்னிலிருந்து 257 கோடி டன் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அந்தக் காலத்தில் உலகம் முழுதும் எரித்த எரிபொருளின் கார்பனில் அது 13 முதல் 40 விழுக்காடு. மழை குறைந்தது இயற்கை என்றாலும், தண்ணீரை வடித்தது மனிதன். இந்தப் பாடத்தை நான் கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வேன், ஏனென்றால் நம் கையில் இருக்கும் பகுதி அதுதான்.

இப்போது உங்கள் 2015க்கு வரலாம். 2014 ஜூலையில் நாசா அனுப்பிய ஓசிஓ-2 என்ற செயற்கைக்கோள் மேலிருந்து கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியிருந்தது. அடுத்த ஆண்டே வலுவான எல் நினோ. அந்த அளவீடுகளைக் கொண்டு 2017ல் வெளியான ஆய்வு, 2011ஐவிட 2015ல் வெப்பமண்டல நிலம் சுமார் 250 கோடி டன் கார்பனைக் கூடுதலாகக் காற்றில் விட்டது என்று காட்டியது. மேலே போட்ட கணக்கோடு ஒட்டி வருகிறது பாருங்கள். இதில் அருமையான விஷயம், மூன்று கண்டங்களும் மூன்று வழியில் இதைச் செய்தன. தென் அமெரிக்காவில் வறட்சியால் ஒளிச்சேர்க்கை குறைந்தது. ஆப்பிரிக்காவில் மழை ஏறக்குறைய வழக்கம்போலவே இருந்தும் வெப்பத்தால் மட்கல் கூடியது. இந்தோனேசியாப் பக்கம் தீ. மூன்றிலும் வழி வேறு, போய்ச் சேர்ந்த இடம் ஒரே காற்று.

உங்கள் தென்னை ஏன் வேறு கணக்கு என்றால், எல் நினோ நமக்கு இரண்டு முகம் காட்டும். தென்மேற்குப் பருவத்தை அது பெரும்பாலும் இளைக்க வைக்கும். அதனால் வால்பாறை, பரம்பிக்குளம் பக்கம் நீர்ப்பிடிப்பு குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையை அது பல முறை கூட்டித்தான் கொடுக்கும். 2015 எல் நினோ உச்சத்தில் இருந்தபோதுதான் சென்னையும் கடலூரும் வெள்ளத்தில் மூழ்கின. எல் நினோ 2016 நடுவில் ஓய்ந்துவிட்டது. அதன் பிறகு வந்த 2016 வடகிழக்குப் பருவம்தான் தமிழகத்தைக் கைவிட்டது, இயல்பைவிட 62 விழுக்காடு குறைவு. அதற்கு முன்பே கேரளத்தில் தென்மேற்குப் பருவமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) அணைகளுக்கு வரத்து சுருங்கியிருந்தது. இரண்டு பருவமும் ஒரே ஆண்டில் கையை விரித்ததால் 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலைத் தோப்புகள் காய்ந்தது அந்த வறட்சியில். அமேசான் காய்ந்தபோது நமக்கு வெள்ளம், அமேசானுக்கு மழை திரும்பும் வேளையில் நமக்கு வறட்சி.

ஆனால் மரத்துக்குள் நடந்தது ஒன்றேதான். தென்னை முதலில் குரும்பையை உதிர்த்தது, பிறகு மட்டை தொங்கியது, சில மரங்கள் கொண்டையே முறிந்து போயின. மழை திரும்பிய பிறகும் இரண்டு, மூன்று ஆண்டு காய்ப்புத் தேறவில்லை, ஏனென்றால் ஒரு பாளை வெளியே தெரியும் முன்பே நீண்ட காலம் உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். காட்டு மரங்களிலும் வறட்சிக்குப் பிறகு வளர்ச்சி பழைய நிலைக்கு வர ஒன்றிலிருந்து நான்கு ஆண்டு வரை ஆவதைப் பல நாடுகளின் மர வளையங்களில் பார்த்திருக்கிறார்கள்.

ஓரிடம் காயும்போது இன்னோர் இடம் நனைகிறது என்றேனே, இந்தத் துறையில் நீண்ட நாள் நடந்த ஒரு வாதமே அதைப் பற்றியதுதான். காற்றில் கரியமில வாயு ஏறும் வேகத்தை வெப்பமண்டலத்தின் சராசரி வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தால் இரண்டும் அழகாகச் சேர்ந்து ஏறி இறங்கும். மழை அளவோடு வைத்தால் அவ்வளவு பொருந்தாது. எனவே "வெப்பம்தான் முக்கியம், தண்ணீர் இரண்டாம் பட்சம்" என்று பலர் சொன்னார்கள். வயலிலும் காட்டிலும் வேலை செய்பவர்களுக்கு இது உறுத்தியது. எந்த ஒரு காட்டை எடுத்தாலும் அங்கே ஆட்சி செய்வது தண்ணீர்தான் என்று கண்ணால் பார்க்கிறோமே! 2017ல் வந்த ஒரு விளக்கம் இரண்டையும் இணைத்தது. ஒவ்வோர் இடத்திலும் ஆண்டுக்கு ஆண்டு மாறுதலைத் தண்ணீர்தான் ஆட்டுவிக்கிறது. ஆனால் ஓரிடத்து வறட்சியை இன்னோர் இடத்து மழை ஈடுகட்டிவிடுவதால், உலகக் கூட்டலில் தண்ணீரின் தடம் மங்குகிறது. வெப்பம் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் கூடுவதால் கூட்டலில் அது மட்டும் பளிச்சென்று தெரிகிறது.

அடுத்த தடயம் ஈர்ப்பு விசையிலிருந்து வந்தது. 2002ல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாக சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் பறந்தன. கீழே நிலத்தில் தண்ணீர் கூடினால் எடை கூடும், ஈர்ப்பு சற்றுக் கூடும், இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் நூலிழையளவு மாறும். அந்த மாற்றத்தை அளந்து, மண்ணீர், நிலத்தடி நீர், ஆறு, ஏரி எல்லாம் சேர்த்து ஒரு பகுதியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள். வடமேற்கு இந்தியாவில் போர்வெல்கள் நிலத்தடி நீரைக் காலி செய்வதை உலகுக்குக் காட்டியதும் இவைதான். மழையளவுக்குப் பதிலாக இந்த மொத்தத் தண்ணீரை எடுத்துப் பார்த்தபோது படம் மாறியது. நிலம் காய்ந்த ஆண்டுகளில் கரியமில வாயு வேகமாக ஏறியது, நிலம் நனைந்த ஆண்டுகளில் மெதுவாக ஏறியது. 2018ல் வெளியான முடிவு இது. 2021ல் அதே குழுவினர் இன்னொன்றையும் சொன்னார்கள். மண் காய்ந்தால் ஆவியாவது குறைந்து காற்று சூடேறி உலர்கிறது. ஆகவே வெப்பத்தின் வேலை என்று நாம் எழுதிவைத்ததில் பெரும் பகுதி, மண்ணின் ஈரக்குறைவு காற்றின் வழியாகச் செய்த வேலைதான். எனக்கு இது மிகவும் ஏற்புடைய விளக்கம். நனைந்த தோப்புக்குள்ளும் காய்ந்த தரிசிலும் ஒரே நாளில் நின்று பார்த்த யாருக்கும் இது புரியும்.

பிறகு 2023ல், சுவிட்சர்லாந்தின் இடிஹெச் சூரிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்னின்று செய்த ஆய்வு ஒன்று வந்தது. நீங்கள் படித்தது இதைப் பற்றியதாக இருக்கலாம். 1960 முதல் 1989 வரையிலான காலத்தையும், 1989 முதல் 2018 வரையிலான காலத்தையும் ஒப்பிட்டார்கள். வெப்பமண்டலத் தண்ணீருக்கும் கரியமில வாயு ஏறும் வேகத்துக்கும் உள்ள தொடர்பு பின்னைய காலத்தில் தெளிவாக இறுகியிருக்கிறது. எல் நினோ எந்தெந்த நிலத்தைக் காய வைக்கிறது என்ற வரைபடம் நகர்ந்ததும், ஓரிடத்தை இன்னோர் இடம் ஈடுகட்டுவது குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இன்னொரு கவலையான செய்தி, எதிர்காலத்தைக் கணிக்கப் பயன்படும் கணினி மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த இறுக்கத்தைக் காட்டவில்லை. காடு எவ்வளவு கார்பனை வாங்கிக்கொள்ளும் என்று அந்த மாதிரிகள் சொல்வதை நம்பித்தான் நாடுகள் தங்கள் புகைக்கு வரம்பு வகுக்கின்றன.

காற்றில் கரியமில வாயு கூடினால் மரத்துக்கு நல்லதுதானே, துளையை அரைகுறையாகத் திறந்தாலே போதுமே, தண்ணீரும் மிஞ்சுமே என்று கேட்பீர்கள். அது உண்மைதான், உலகத்தின் பல பகுதிகள் பசுமை கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அமேசான் காட்டுக்குள் அளந்து குறித்த நூற்றுக்கணக்கான ஆய்வுத் துண்டுகளில் மரம் மரமாகச் சுற்றளவு எடுத்து வந்தவர்கள் 2015ல் சொன்னது வேறு. 1990களோடு ஒப்பிட்டால் அந்தக் காடு நிகரமாக வாங்கிக்கொள்ளும் கார்பன் குறைந்துகொண்டே வருகிறது, மரங்கள் சாகும் வேகம் கூடியிருக்கிறது. 2005, 2010, 2015-16, 2023 என்று அங்கே பெரிய வறட்சிகள் நெருங்கி நெருங்கி வந்திருக்கின்றன. 2023 அக்டோபரில் மனாஸ் நகரில் ரியோ நெக்ரோ ஆறு அதுவரை பதிவான எல்லா அளவுக்கும் கீழே இறங்கியது, அடுத்த ஆண்டு அதையும் தாண்டி இறங்கியது. அந்த 2024ல்தான், உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, கரியமில வாயு ஒரே ஆண்டில் 3.5 பிபிஎம் ஏறியது. நவீன அளவீடு தொடங்கியதிலிருந்து அதுதான் மிகப் பெரிய ஏற்றம். அந்த ஆண்டுச் சித்திரையில் ஈரோடு 42 டிகிரியில் வெந்தது நினைவிருக்கும்.

எதிர்த் திசையிலும் ஓர் ஆண்டைச் சொல்லவேண்டும், உங்கள் கொறங்காட்டுக்கு அது முக்கியம். 2010-11ல், எல் நினோவுக்கு நேர்மாறாக அதே கடல் குளிரும் லா நினாவின் மழை ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியை நனைத்துத் தள்ளியது. நிலத்தில் தேங்கிய தண்ணீரால் உலகக் கடல்மட்டமே சுமார் 5 மில்லிமீட்டர் இறங்கியது. அந்த 2011ல் நிலம் வாங்கிய கார்பன் வழக்கத்தைவிட மிக அதிகம், அந்தக் கூடுதலில் பெரும் பங்கு ஆஸ்திரேலியாவின் புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் போய்ச் சேர்ந்தது. வறண்ட நிலத்துப் புல் மழைக்கு அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லும். அடுத்த வறட்சியில் அதே வேகத்தில் பெரும் பகுதியைத் திருப்பியும் கொடுத்துவிடும்.

நம் மலையில் இந்த எல்லா வகையும் ஒரே நாள் பயணத்துக்குள் கிடைக்கிறது. வால்பாறைக்கு அருகே சின்னக்கல்லாறில் ஆண்டு மழை 4,000 மில்லிமீட்டரைத் தாண்டும், அங்கே பசுமை மாறாக் காடு. டாப்ஸ்லிப் பக்கம் இறங்கினால் தேக்கும் கருமருதும் கோடையில் இலை உதிர்க்கும் காடு. அமராவதிப் பக்கம் வந்தால் உசிலையும் வேலமும் நிற்கும் முள்காடு. உடுமலைச் சமவெளியில் 600, 700 மில்லிமீட்டர் மழை. மேலே இருக்கும் ஈரக்காடு தண்ணீர் குறைந்தால் பெரிய மரங்களை இழக்கும் ஆபத்தில் இருக்கிறது. நடுவில் இருக்கும் இலையுதிர் காட்டுக்குத் தீதான் பகை. மாசி, பங்குனியில் சருகும், படர்ந்து கிடக்கும் உண்ணிச்செடியும் சேர்ந்து எரியும்போது பெரிய மரங்கள் தப்பினாலும் கன்றுகள் போய்விடும். வனத்துறை பனிக்காலம் முடியும் முன்பே தீத்தடுப்புக் கோடுகள் போடுவது இதற்குத்தான். கீழே முள்காடும் கொறங்காடும் வறட்சிக்குப் பழகியவை.

உலகக் கணக்கில் நம் மேற்கு மலை சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமேசான், காங்கோ, இந்தோனேசியா மூன்றோடும் இதை வைக்கமுடியாது. ஆனால் நமக்கே அது வேறு ஒரு வேலை செய்கிறது. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் 2018ல் காட்டியபடி, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் ஆவியாக விடும் ஈரம், தமிழகத்தில் பெய்யும் தென்மேற்குப் பருவ மழையில் கணிசமான பங்கு தருகிறது. மழை குறைந்த ஆண்டுகளில் அந்தப் பங்கு இன்னும் கூடுகிறது. காடு தண்ணீரைச் செலவழித்துக் கார்பன் வாங்குகிறது என்றேன், அந்தச் செலவில் ஒரு பகுதி கிழக்கே நம் தலையிலேயே மழையாக விழுகிறது. சோலையும் புல்வெளியுமாக இருந்த மேல்மலைகளில் சீகையும் தைலமரமும் நட்டபோது இந்தக் கணக்கை யாரும் போடவில்லை. மரம் கூடியது, ஓடைகளின் கோடைநீர் பல இடங்களில் குறைந்தது.

கடைசிக் கேள்விக்கு என் பதில் நேராகவே இருக்கட்டும். கொறங்காட்டை உழுது நெருக்கமாக மரம் நடாதீர்கள். கிளுவை வேலியும் கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேலுமாக இருக்கும் அந்த நிலம் காங்கேயம் மாட்டுக்குத் தீவனம் தருகிறது, மண்ணுக்குள் புல்வேரில் கார்பனைக் காக்கிறது, ஒரு சொட்டுப் போர் தண்ணீர் கேட்பதில்லை. அங்கே நெருக்கி நட்ட கன்று நாலு நல்ல மழை ஆண்டில் செழிப்பாகத் தெரியும், இரண்டு பருவமும் பொய்க்கும் ஆண்டில் நட்டதில் பாதி மிஞ்சுவதே கடினம். ஆயிரம் அடி போரிலிருந்து மோட்டார் வைத்து இறைத்து அதைக் காப்பாற்றினால், அந்த மின்சாரத்தில் நிலக்கரிப் புகையும் இருக்கிறது, பக்கத்துக் கிணற்றின் தண்ணீரும் இருக்கிறது. மரம் வேண்டும் என்றால் வேலியோரம் வெள்வேலும் வேம்பும் விடுங்கள். தோப்பில் ஈரம் நிற்கும் இடத்தில் இடைப்பயிராக மரம் சேருங்கள், மட்டையையும் நார்க்கழிவையும் எரிக்காமல் மூடாக்காகப் போடுங்கள், வரப்பை உயர்த்தி மழைநீரை இறக்குங்கள். கார்பன் கணக்கில் இவை சிறியவை, ஆனால் காய்ந்த ஆண்டிலும் உங்களிடமே தங்கும்.

கார்பன் பணம் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் காட்டும் அட்டவணையில் மரம் ஆண்டுக்கு இவ்வளவு கார்பன் சேர்க்கும் என்று ஓர் எண் இருக்கும். அந்த எண் எந்த ஊரில், எத்தனை மில்லிமீட்டர் மழையில் அளந்தது என்று கேளுங்கள். எத்தனை ஆண்டுக்கு நிலத்தை வேறு எதற்கும் மாற்றக்கூடாது என்று பாருங்கள். மரம் வறட்சியில் செத்தாலோ தீயில் போனாலோ வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவேண்டுமா, இல்லை அந்த நட்டத்துக்கு அவர்கள் தனியாக இருப்பு வைத்திருக்கிறார்களா என்பது ஒப்பந்தத்திலேயே, தமிழில், எழுத்தாக இருக்கவேண்டும். அந்த ஒரு பத்தி இல்லை என்றால் கையெழுத்துப் போடவேண்டாம்.